மாயக் காது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்திர உலகக் கதைகளில் ஒரு கருவி திரும்பத் திரும்ப வரும். நீளமான ஒரு வால், அதன் நுனியில் ஒரு காது. காது தானாக ஊர்ந்துபோய்க் கதவிடுக்கில் படுத்துக்கொள்ளும். வாலின் மறுமுனையைத் தன் காதில் வைத்திருப்பவருக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் பள்ளி ஆண்டு விழா, கோடை முகாம் என்று இந்த மாதிரிக் கதைகளை நாடகமாகப் போடுகிற ஆசிரியர்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

சும்மா காது மாதிரி ஒரு பொம்மை போதாதா? நெசமாவே கேக்கணுமா?

கேட்க வேண்டும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கேட்காத பொம்மையைக் காதில் வைத்துக்கொண்டு நடிக்கும் பிள்ளை கண்ணை அகல விரிக்கும், வாயைத் திறக்கும்; அது நடிப்பு என்று முதல் வரிசைக்கே தெரிந்துவிடும். நிஜமாகவே ஒரு குரல் வந்து காதில் விழும்போது பிள்ளையின் உடம்பு அசையாமல் நின்றுவிடும். மூச்சைக்கூட மெதுவாக விடும். அந்த அமைதியைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. பேட்டரி இல்லாமல், சிரட்டையையும் டியூபையும் வைத்தே அதைச் செய்துவிடலாம் என்கிறபோது பொம்மை எதற்கு?

குழாய்க் காது, நூல் காதுன்னு ரெண்டு சொல்றாங்களே, எது நல்லது?

ஒட்டுக்கேட்கும் காட்சிக்குக் குழாய்க் காதுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றே ஒலியைச் சுமந்து வருவதால், பேசுகிறவர் கருவியைத் தொட வேண்டியதில்லை. நூல் காது, அதாவது நாம் சின்ன வயதில் செய்த தீப்பெட்டி டெலிபோன், அப்படி இல்லை. பேசுகிறவர் பெட்டிக்குள் வாயை வைத்துப் பேசினால்தான் அட்டை அதிரும், நூல் அதிரும், மறுமுனை பேசும். அறைக்குள் தள்ளி நின்று பேசுவதை அது பிடிக்காது. இரண்டு பேர் ரகசியம் பரிமாறும் காட்சிக்கு நூல் காது அருமையாக இருக்கும்.

குழாய்க் காதுக்கு என்னென்ன வேணும்?

தேங்காய்ச் சிரட்டை, கண் இருக்கிற பாதி, ஒன்று. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற லெவல் டியூப், உள்விட்டம் 8 மி.மீ., இரண்டரை மீட்டர். வாய் 6 அல்லது 7 செ.மீ. அகலமுள்ள சின்ன பிளாஸ்டிக் புனல் ஒன்று. எம்-சீல் சின்னப் பாக்கெட் ஒன்று. உப்புத்தாள் 80-ம் நம்பரில் ஒன்று, 220-ல் ஒன்று. பழைய வேட்டித் துணி ஒரு சாண் சதுரம், ரப்பர் பேண்ட், கொஞ்சம் பஞ்சு. டியூப் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். மடிப்பு விழுந்த துண்டாக இருந்தால் வாங்காதீர்கள்.

எப்படிச் செய்யணும்?

முதலில் சிரட்டை. தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மட்டும்தான் மெலிந்தது. முளை அந்தக் கண் வழியாகத்தான் வெளியே வரும். மற்ற இரண்டும் கல் மாதிரி இருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். அதை ஆணியால் குத்தித் திறந்து, உருட்டு அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, டியூப் இறுக்கமாக நுழையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். தளர்ந்துபோனால் பூசி அடைக்கலாம், ஆனாலும் முதலிலேயே இறுக்கமாக இருப்பது நல்லது.

சிரட்டை உட்புறத்தில் தேங்காய்ப் பருப்பின் மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு வெயிலில் ஒரு நாள் காய வையுங்கள். விட்டுவிட்டால் மூன்றாம் நாளே எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். பிறகு 80 உப்புத்தாளால் நார் போகத் தேய்த்து, 220-ஆல் வழவழப்பாக்குங்கள். விளிம்பைக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் கை படும் இடம்.

டியூபைக் கண்ணுக்குள் ஒரு செ.மீ. மட்டும் நுழைத்து நிறுத்துங்கள். அதிகம் நீட்டினால் சிரட்டையின் அடியில் சேரும் ஒலி குழாய் வாயைத் தாண்டிப் போய்விடும். எம்-சீலின் இரண்டு கட்டிகளையும் சம அளவு எடுத்து, இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து, வெளிப்பக்கம் சுற்றிலும் அணை கட்டுவது போல அப்புங்கள். ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். மறுமுனையில் புனலின் மூக்கை டியூபோடு சேர்த்து அதே மாதிரி அடைக்க வேண்டும். கேட்கிறவர் புனல் வாயைக் காதின்மேல் கவிழ்த்து வைத்துக்கொள்வார்.

நிஜக் காது மாதிரி உருவம் வேணுமே?

சிரட்டையின் மேல் காகிதக்கூழ் பூசுங்கள். அரைக் கிலோ பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊற வைத்து ஆட்டுங்கள். ஊறிய வெந்தயம் 100 கிராமைத் தனியாக அரைத்து அதோடு பிசையுங்கள். பாட்டிமார் காகிதக்கூழில் கூடை செய்கிற அதே பக்குவம்தான். வெந்தயம் பசையாகப் பிடிக்கும், பூச்சியும் அண்டாது. போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் மயில்துத்தம் கலந்திருக்கலாம். அது விஷம், பிள்ளைகளின் முகத்தருகே வரும் பொருளில் சேரவே கூடாது.

ஒரு தடவைக்கு அரை செ.மீ. கனத்துக்கு மேல் பூசினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். சித்திரை வெயிலில் ஒரு பூச்சு இரண்டு நாளில் காயும். ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து நாள் ஆகும், பூஞ்சையும் பிடிக்கும். அப்போது மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். காது மடலை அச்சில் எடுக்க விரும்பினால் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். களிமண்ணில் ஒரு மடல் அச்சு போட்டுவிட்டால் பத்துக் காது எடுக்கலாம்.

எல்லாம் செஞ்சாச்சு, ஒண்ணுமே கேக்கலையே?

பத்தில் எட்டுத் தடவை காற்று ஒழுகுவதுதான் காரணம். சிரட்டை வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு புனல் பக்கம் மெதுவாக ஊதுங்கள். உஸ்ஸென்று எங்கே சத்தம் வருகிறதோ அங்கே ஓட்டை. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

ஒழுகல் இல்லையென்றால் டியூபில் மடிப்பு இருக்கும். சுருளாக வைத்து விற்பதால் ஓரிடம் நசுங்கியிருக்கலாம். அந்த இடத்தைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து நிமிர்த்துங்கள். மூன்றாவது காரணம், உள்ளே நின்ற தண்ணீர். டியூபைக் கழுவியபின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிட்டால் அது ஒரு தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றி உதறினால் வெளியே வந்துவிடும்.

காது வைத்த இடமும் முக்கியம். கதவுப் பலகையின்மேல் சிரட்டையை வைப்பது வீண். ஒலி ஒழுகுவது கதவுக்கு அடியிலுள்ள இடுக்கில். கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், கதவு தேக்காக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) மேல் ஒலியைத் தடுக்காது. சிரட்டையைப் படுக்கவைத்து வாயை அந்த இடுக்குக்கு நேராக ஒட்டி வையுங்கள்.

குடத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்குது. கொர கொரன்னும் ஒரு சத்தம்.

இரண்டும் வேறு வேறு கோளாறு. குடச் சத்தம் குழாயின் குணம். இரண்டரை மீட்டர்க் குழாயில் உள்ளிருக்கும் காற்று சுமார் 70 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 70 அதிர்வு) இடைவெளியில் சில ஒலிகளை மட்டும் தூக்கிக் காட்டும், மற்றதை அமுக்கும். புனல் மூக்கில் கொண்டைக்கடலை அளவு பஞ்சைத் தளர்வாக வையுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் சொல் தெளியும். திணித்துவிடாதீர்கள்.

கொர கொர என்பது டியூப் சட்டையிலோ தரையிலோ உரசுவது. டியூபின் மேல் பழைய துணியைச் சுற்றித் தைத்துவிட்டால் அடங்கும், வால் மாதிரியும் தெரியும். மின்விசிறிக் காற்று சிரட்டைக்குள் புகுந்தால் புஸ் புஸ்ஸென்று கேட்கும். அதற்குத்தான் வேட்டித் துணி. சிரட்டை வாயை ஒரே ஒரு மடிப்புத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். காற்று நிற்கும், பேச்சு நிற்காது.

எவ்வளவு நீளம் போகலாம்?

8 மி.மீ. டியூபில் மூன்று மீட்டர் வரை சொல் தெளிவாக வரும். ஐந்துக்கு மேல் வேண்டாம். நீளம் கூடக் கூட முதலில் காணாமல் போவது மெல்லிய கூர்மையான ஒலிகள்: ச, ஸ, ப, த. உயிரெழுத்து வரும், மெய் வராது. “படகு” என்பதும் “சடகு” என்பதும் ஒன்றுபோல விழும். அந்தக் கூர்மையான ஒலிகளைத்தான் சிரட்டை கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால் சிரட்டையை எடுத்துவிட்டு வெறும் டியூபை மட்டும் நீட்டாதீர்கள். அதிக தூரம் வேண்டுமென்றால் 12 மி.மீ. டியூபுக்கு மாறுங்கள்.

நூல் காது செய்றது எப்படி?

தீப்பெட்டியின் உள்தட்டு இரண்டு போதும், ஆனால் டீக்கடைக் காகிதக் கப் அதைவிட நன்றாகப் பேசும். அதன் அடித்தாள் பறைத் தோல் மாதிரி அதிரும். அடியின் நடுவில் ஊசியால் ஒரு துளை. நூலை நுழைத்து, உள்ளே ஒடித்த தீக்குச்சியில் கட்டி இழுங்கள். துளை பெரிதாகிவிட்டால் கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பதே மேல்.

பருத்தித் தையல் நூலில் 10 மீட்டர் தாராளமாகப் போகலாம். தூண்டில் நரம்பு அதைவிட நன்றாக இருக்கும். வாழைநார் வேண்டாம். பூக்கட்ட அது தங்கம், ஆனால் நார் குட்டை, முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மாஞ்சா தடவிய பட்டம் நூலைத் தொடவே தொடாதீர்கள். நனைந்த நூலும் உதவாது: கனக்கும், தொய்யும்.

நூல் விறைப்பாக, நேராக, எதையும் தொடாமல் இருக்க வேண்டும். விரல் நுனி பட்டாலே பேச்சு நின்றுவிடும். இழுத்துக் கட்டிய கம்பி வழியே வெகுதூரத்துக்கு ஒலி கடத்தலாம் என்று ராபர்ட் ஹூக் 1665-லேயே எழுதிவிட்டார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

மூலை திரும்புமா? மூணு பேர் பேசலாமா?

திரும்பும். சுவர் முனையில் நூலை உரசவிடாமல், ஆணியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு நூல் கண்ணியைக் கட்டி, அந்தக் கண்ணி முதல் நூலை இழுத்துப் பிடிக்கும்படி செய்யுங்கள். சத்தம் குறையும், போகாது. நூலின் நடுவில் மூன்றாவது நூலைக் கட்டி மூன்றையும் விறைப்பாகப் பிடித்தால் மூன்று பேர் பேசலாம்.

காது தானா ஊர்ந்து போகணுமே, அதுக்கு என்ன வழி?

கதவுக்கு உள்ளே ஒரு பிள்ளை மறைந்து உட்கார்ந்து நூலால் இழுக்க வேண்டும். தங்கூசி நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து வாங்குவார்கள். பக்கவாட்டு விளக்கு பட்டால் அது வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். மங்கலான கறுப்புத் தையல் நூல்தான் மேடையில் மறையும். நூலைச் சிரட்டையின் உச்சியில் கட்டினால் குப்புற விழும், விளிம்பில் தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். விளிம்புக்கு அடியில் இரண்டு சட்டைப் பொத்தான்களை ஒட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரே சீராக இழுக்கக் கூடாது. ஒரு ஜாண், நிறுத்தம், அரை ஜாண், நிறுத்தம், பிறகு கொஞ்சம் பின்வாங்கி மறுபடி ஓட்டம். சுவரில் பல்லி போவதைக் கால்மணி நேரம் பார்த்தால் தாளம் பிடிபடும். சிரட்டை உயரத்துக்குக் கதவிடுக்கு போதாது, அதனால் மேடைக் கதவின் அடியில் எலிப்பொந்து மாதிரி 14 செ.மீ. அகலத்தில் ஒரு வளைவு வெட்டிவிடுங்கள்.

டம்ளரைச் சுவத்துல வச்சுக் கேக்கலாமா?

பிளைவுட் தடுப்பு என்றால் கொஞ்சம் கேட்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பேச்சு கேட்காது. டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப் இதே குடும்பம்தான். 1816-ல் பிரான்சில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது.

சங்குக்குள்ள கடல் சத்தம் கேக்குதே, அதுவும் மந்திரக் காதுதானே?

சங்கு சுற்றியுள்ள இரைச்சலைத்தான் வடிகட்டித் திருப்பித் தருகிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள், கடல் கொந்தளிக்கும். நள்ளிரவில் சத்தமில்லாத அறையில் வைத்துப் பாருங்கள், கடல் அடங்கிவிடும். நாடகத்தில் சங்கைப் பயன்படுத்துவதென்றால் அது “பொய் சொல்லும் காது” என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தமாக இருக்கும்.

மீனாட்சி கோயில் இசைத் தூண்?

வடக்குக் கோபுரத்தருகே உள்ள இசைத் தூண்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் செதுக்கிய 22 சிறு தூண்கள். அவை தட்டினால் ஒலிப்பவை, தூரத்துப் பேச்சை வாங்கித் தருபவை அல்ல. கதையில் “கேட்கும் தூண்” என்று ஒன்றை அட்டையில் செய்துகொள்ளுங்கள். கோயில் தூணைத் தட்டிப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். தேய்ந்த கல் வளராது.

இவ்வளவு பாடு எதுக்கு, ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை உள்ள வச்சுட்டா?

ப்ளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு பிந்தி வரும். பேசுகிறவர் வாய் மூடியபின் சொல் வரும். குழாயில் இரண்டரை மீட்டரைக் கடக்க நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. மதுரை வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்கு 350 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. பார்வையாளர்களுக்குக் கேட்க வேண்டுமே என்பது நியாயமான கவலை. உள்ளே பேசுகிறவருக்கு ஒரு மைக் கொடுத்துச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். சபை மைக்கில் கேட்கட்டும், நடிக்கிற பிள்ளை குழாயில் கேட்கட்டும்.

மந்திரத்துக்கு ஒரு தடை வேணுமே? காதை எப்படித் தடுப்பாங்க?

தடையில்லாத மந்திரத்தில் கதை நடக்காது. நாங்கள் சொல்வது மாக்கோலம். வாசலில் அரிசிமாக் கோலம் கோடு அறாமல் இருக்கும்வரை மாயக் காது அதைத் தாண்டாது. எறும்பு மாவை இழுக்க இழுக்கக் கோடு அறும், தடையும் அறும். அதனால் ரகசியம் பேசுகிறவர்களுக்கு நேரம் குறைவு. காட்சிக்குத் தானாக ஒரு அவசரம் வந்துவிடும்.

மேடையில் உலர்ந்த மாவு வழுக்கும். அரிசியை ஒரு மணி நேரம் ஊற வைத்து நைசாக அரைத்து, முந்தின நாள் இரவே துணியால் தொட்டு இழைக் கோலமாகப் போட்டுக் காயவிடுங்கள். நிஜத்தில் ஒலியைத் தடுக்க வேண்டுமானால் பழைய துண்டைச் சுருட்டிக் கதவடியில் செருகினாலே போதும். மாக்கோலக் காட்சியில் உள்ளே இருப்பவர் அப்படிச் செருகிவிட்டால், குழாயில் குரல் உண்மையாகவே அமுங்கிப்போகும். கேட்கிற பிள்ளை திடுக்கிடும்.

முகாமுல விளையாட்டா ஆடலாமா?

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் ஒரு விதி சொல்கிறது: ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி இருக்க வேண்டும், மூவர் சொல்லும் ஒத்தால்தான் நம்ப வேண்டும். அதையே விளையாட்டாக்குங்கள். ஓர் அறை, மூன்று குழாய்க் காது, மூன்று மூலையில் மூன்று பிள்ளைகள். உள்ளே ஒருவர் ஏழு சொல் செய்தியைச் சாதாரணக் குரலில் இரண்டு முறை வாசிப்பார். மூவரும் தனித்தனியே எழுத வேண்டும். மூன்றிலும் ஒத்த சொல்லுக்கு மட்டுமே மதிப்பெண். செய்தியில் ச, த, ப வரும் சொற்களை நிறையப் போட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும்.

காதுக்கு ஆபத்து உண்டா?

உண்டு, நாலு விஷயத்தில் கவனம் வேண்டும். டியூப் முனையைக் காது ஓட்டைக்குள் நுழைக்கக் கூடாது. புனல் வைக்கச் சொன்னது அதற்காகவே. மறுமுனையில் கத்தவோ விசில் ஊதவோ கூடாது. குழாய் சத்தத்தைச் சிதறவிடாமல் நேரே செவிப்பறைக்குக் கொண்டுவரும். ஒரு பிள்ளை கேட்டபின் புனல் விளிம்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். நூல் காதைத் தாழ்வாரத்தில் கட்டினால் கழுத்து உயரத்தில் கட்டாதீர்கள். ஓடிவருகிற பிள்ளைக்கு நூல் தெரியாது.

வீட்ல பெரியவங்க பேசுறதைக் கேக்கலாமா?

கூடாது. விளையாட்டில் உள்ளே பேசுகிறவருக்குத் தான் கேட்கப்படுகிறோம் என்பது தெரியும். வீட்டில் தெரியாது; வேறுபாடு அது ஒன்றுதான், ஆனால் பெரிய வேறுபாடு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. வள்ளுவர் இன்னும் எளிமையாகச் சொல்கிறார். அரசனின் மறைவான பேச்சை ஒட்டுக்கேட்காதே, துருவியும் கேட்காதே, அவரே விட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்: 695-வது குறள். கருவியைக் கையில் கொடுக்கும் முன் இதைப் பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். அப்படியும் ஒரு பிள்ளை பயமுறுத்தும் எதையாவது கேட்டுவிட்டு வந்து சொன்னால், ஒட்டுக்கேட்டதற்குத் திட்டாமல் முதலில் அது சொல்வதைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

விழா முடிஞ்சதும் எப்படி எடுத்து வைக்கிறது?

டியூபைச் சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, இரண்டு முனையும் திறந்தபடி நிழலில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் மஞ்சளித்து விறைத்துவிடும். சுருட்டும்போது வட்டம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிதாகக் கூடாது. பஞ்சை எடுத்து எறிந்துவிடுங்கள். சிரட்டைக்கு உள்ளே நாலு வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தால் அடுத்த ஆண்டு விழாவுக்கும் அதே காது ஆகும்.